செக்கில் 7 வேற்றுமை, ஹங்கேரியனில் 18: தமிழ் தெரிந்தவருக்கு எது சுலபம்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: செக் மொழியில் 7 வேற்றுமை, ஹங்கேரியனில் 18 என்று படித்தேன், அப்படியானால் ஹங்கேரியன் இரண்டரை மடங்கு கஷ்டமா? இரண்டுமே தமிழ் மாதிரி சொல்லுக்குப் பின்னால் உருபு ஒட்டும் மொழிகள்தானே? ஹங்கேரியன் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம் என்கிறார்களே, அது உண்மையா?

நான் செக் நாட்டின் ப்ர்னோவில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு அப்புறம் புடாபெஸ்டுக்கு மாற்றலாகிப் போனவன். இரண்டு ஊரிலும் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரிடமும் தப்பாகப் பேசித்தான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், 18 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பயப்பட வேண்டியது அந்த 7-ஐப் பார்த்துத்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். இன்னொன்று, இந்த மொழிகளின் ஒலியைத் தமிழ் எழுத்தில் அப்படியே கொண்டுவர முடியாது. சொல்லின் வால் எப்படி மாறுகிறது என்று காட்டும் அளவுக்கு மட்டும் எழுதுகிறேன், உச்சரிப்புக்கு இதை நம்பாதீர்கள்.

நம் சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: வீடுகளில். வீடு, கள், இல். மூன்று துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஹங்கேரியனில் வீடு 'ஹாஸ்'. பன்மைக்கு 'அக்', 'இல்' என்பதற்கு 'பன்'. ஹாஸ், அக், பன் சேர்ந்து 'ஹாஸக்பன்', அதாவது வீடுகளில். வீட்டில் என்றால் 'ஹாஸ்பன்'. பன்மை உருபைப் பிடுங்கிவிட்டீர்கள், மற்றது அப்படியே நிற்கிறது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை.

இப்போது செக். வீடு 'தூம்'. வீட்டில் என்றால் 'வ் தொம்யெ', வீடுகளில் என்றால் 'வ் தொமெஹ்'. இதில் பன்மை எங்கே இருக்கிறது, வேற்றுமை எங்கே இருக்கிறது? பிரித்துக் காட்ட முடியாது. அந்த 'எஹ்' என்பது பன்மை, செக் கணக்கில் ஆறாவது வேற்றுமை (நம் ஏழாவது) இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது. கூடவே முன்னால் 'வ்' என்று ஒரு சொல் வேண்டும், அது இல்லாமல் ஆறாவது வேற்றுமை வராது. போதாக்குறைக்கு 'தூம்' என்ற அடிச்சொல்லே 'தொம்' என்று குறுகிவிட்டது. இதுதான் ஆதார வித்தியாசம். ஹங்கேரியனில் உருபுகள் கோத்த மணிகள் மாதிரி, தமிழிலும் அப்படித்தான். செக்கில் எல்லாவற்றையும் அரைத்துக் கலந்த மசாலா, மிளகாயை மட்டும் தனியாக எடுக்க முடியாது.

அதனால்தான் எண்ணிக்கை ஏமாற்றுகிறது. ஹங்கேரியனில் 18 என்றால் ஏறக்குறைய 18 உருபுகள், அவ்வளவுதான். எண்ணுகிறவரைப் பொறுத்து அந்தக் கணக்கு கூடும், குறையும், ஆனால் எத்தனை என்றாலும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் அதே உருபுகள்தான், ஒருமைக்கும் பன்மைக்கும் அதே உருபுகள்தான். செக்கில் 7 என்பது 7 உருபு இல்லை. ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று பெயர்ச்சொற்கள் மூன்றாகப் பிரியும், ஆண்பாலில் உயிருள்ளது, உயிரற்றது என்று மறுபடியும் பிரிவு. இதையெல்லாம் சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் 14 மாதிரிச் சொற்கள் கற்றுத் தருகிறார்கள். ஐயா, கோட்டை, ஆண், இயந்திரம், பெண், ரோஜா, பாட்டு, எலும்பு, ஊர், கடல், கோழிக்குஞ்சு என்று போகும் அந்தப் பட்டியல். ஒரு புதுச் சொல் வந்தால் அது எந்த மாதிரியைச் சேர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் 7 வேற்றுமை, ஒருமை பன்மை என 14 கட்டம். 14 மாதிரி, தலா 14 கட்டம், பெருக்கினால் 196 கட்டம்.

பயப்பட வேண்டாம், 196 வெவ்வேறு விகுதிகள் இல்லை. அதுதான் இன்னும் மோசம். ஒரே விகுதி பல கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'உ' என்ற ஒரு எழுத்தைப் பாருங்கள். பெண் என்பது 'ஜெனா', 'ஜெனு' என்றால் பெண்ணை. கோட்டை என்பது 'ஹ்ரத்', 'ஹ்ரது' என்றால் கோட்டையின் என்றும் பொருள், கோட்டைக்கு என்றும் பொருள். ஊர் என்பது 'ம்யெஸ்தோ', 'ம்யெஸ்து' என்றால் ஊருக்கு. 'உ' என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், எந்தச் சொல்லில் என்று திருப்பிக் கேட்பதுதான் பதில். இதற்கு நேர் எதிராக, சதுக்கம் என்ற பொருள்படும் 'நாம்யெஸ்தீ' இருக்கிறது, ப்ராக் போனவர்கள் ஊர் நடுவில் பார்த்திருப்பீர்கள். அது 14 கட்டத்தில் 10-இல் துளியும் மாறாமல் அப்படியே நிற்கும். எனக்குச் செக் மொழியில் பிடித்த சொல் இதுதான்.

பீர் கடையில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். செக்கில் பீர் 'பிவோ'. ஒன்று என்றால் 'யெத்னோ பிவோ'. இரண்டு என்றால் 'த்வ்யெ பிவா'. மூன்று, நான்கு வரைக்கும் 'பிவா'தான். ஒருநாள் அலுவலகத்திலிருந்து ஐந்து பேராகப் போயிருந்தோம், நான் தெனாவட்டாக 'பியெட் பிவா' என்று ஐந்து விரலையும் காட்டினேன். பரிமாறுகிறவர் மேசையில் இருந்த துண்டுச் சீட்டில் ஐந்து கோடு கிழித்துக்கொண்டே, சிரிக்காமல், 'பியெட் பிவ்' என்று திருத்திவிட்டுப் போனார். ஐந்திலிருந்து கணக்கு மாறிவிடும். அங்கே ஐந்து என்பது 'பீர்களின் ஐந்து' என்ற கணக்கில் நம் ஆறாம் வேற்றுமைப் பன்மையைக் கேட்கும், அந்த வடிவத்தில் வாலே கிடையாது, 'பிவோ'வின் ஓ உதிர்ந்து 'பிவ்' மட்டும் நிற்கும். வினைச்சொல் வேறு ஒருமைக்குப் போய்விடும். புடாபெஸ்டில் இந்தத் தொல்லையே இல்லை. பீர் 'ஷொர்'. எண் வந்துவிட்டால் பெயர்ச்சொல் ஒருமைதான், இரண்டானாலும் இருநூறானாலும். 'கேட் ஷொர்ட் கேரெக்' என்றால் இரண்டு பீர் வேண்டும். அந்தக் கடைசி 'ட்' நம் 'ஐ' உருபு. 'ரெண்டு டீ குடுங்க' என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இது சொந்த ஊர்.

மேலே 'ஆறாம் வேற்றுமை' என்று நம் கணக்கில் சொன்னேன். செக்காரர்களும் வேற்றுமைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை, நம்மைப் போலவே எண் போட்டுத்தான் சொல்கிறார்கள், ஆனால் வரிசை வேறு. நம் இரண்டாம் வேற்றுமை அவர்களுக்கு நான்காவது. நம் நான்காம் வேற்றுமையான 'கு' அவர்களுக்கு மூன்றாவது. நம் ஆறாம் வேற்றுமை அங்கே இரண்டாவது. ஏழாவது அங்கே ஆறாவது. மூன்றாம் வேற்றுமையான 'ஆல்', 'ஓடு' அங்கே ஏழாவது, எட்டாவதான விளி அங்கே ஐந்தாவது. நம் ஐந்தாம் வேற்றுமைக்கு அங்கே தனி இடமே இல்லை, முன்னால் ஒரு சொல்லைப் போட்டு இரண்டாவதை வைத்துச் சமாளிக்கிறார்கள். என் ஆசிரியை 'நான்காவது' என்று சொன்னால் நான் 'கு' போட்டுவிடுவேன். இந்தக் குழப்பம் தீர எனக்கு ஓராண்டு ஆனது. அந்த ஊர்க் குழந்தைகள் எண்ணோடு சேர்த்துக் கேள்வியாகவும் மனப்பாடம் செய்கிறார்கள்: யார், எது, யார் இல்லாமல், எது இல்லாமல், யாருக்கு, எதற்கு, யாரைப் பார்க்கிறேன், எதைப் பார்க்கிறேன், இப்படி. ஐந்தாவதுக்கு மட்டும் கேள்வி கிடையாது, 'அழைக்கிறோம், கூப்பிடுகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு செக் பெயரை வைத்தே காட்டுகிறேன்: கமில் ஸ்வெலெபில். ப்ராக் நகரில் 1927-இல் பிறந்து, தமிழ் இலக்கியத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த அறிஞர், 2009-இல் மறைந்தார். அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் நாம் 'கமில் ஸ்வெலெபிலுக்கு' என்று கடைசியில் மட்டும் ஒரு 'உக்கு' சேர்த்து முடித்திருப்போம். செக்கில் பெயரின் இரண்டு பகுதியும் மாற வேண்டும்: 'கமிலு ஸ்வெலெபிலொவி'. அவரைப் பார்த்தேன் என்றால் 'கமிலா ஸ்வெலெபிலா'. அவரோடு என்றால் 'ஸ் கமிலெம் ஸ்வெலெபிலெம்'. நேரில் கூப்பிட்டால் 'கமிலெ!'. 'கமிலா' என்பது அங்கே ஒரு பெண் பெயரும்கூட என்பதால், ஒரு வரியின் பாதியை மட்டும் படித்தால் ஆணா பெண்ணா என்றே தடுமாறுவீர்கள். புத்தகக் கடையில் அவர் புத்தகத்தைத் தேடும்போது அட்டையில் ஒரு வடிவம், முன்னுரையில் வேறு வடிவம், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கண் பழக வேண்டும்.

ஹங்கேரியர்கள் இந்த விஷயத்தில் நம் ஆட்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால்: பார்டொக் பேலா. அவருக்கு என்றால் 'பார்டொக் பேலானக்', கடைசியில் மட்டும் உருபு. பெயரடைக்கும் அதே நியாயம்தான். 'பெரிய வீட்டில்' என்பதில் நாம் 'பெரிய'வை மாற்றுவதில்லை, அவர்களும் 'நஜ் ஹாஸ்பன்' என்று விட்டுவிடுகிறார்கள். செக்கில் 'பெரிய' என்பதும் வீட்டோடு சேர்ந்து பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் வால் மாற்ற வேண்டும். ஹங்கேரியனில் ஒரே ஒரு விதிவிலக்கு, 'இந்த', 'அந்த' மட்டும் உருபு வாங்கிக்கொள்ளும்: 'எப்பென் அ ஹாஸ்பன்', இதில் அந்த வீட்டில் என்கிற மாதிரி இரட்டிப்பாக வரும். அதைப் பழகிக்கொண்டால் போதும்.

சரி, ஹங்கேரியனில் சிக்கலே இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது உயிர் இசைவு. உருபில் உள்ள உயிரெழுத்து, சொல்லில் உள்ள உயிரெழுத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். 'ஹாஸ்' என்பதில் வாயின் பின்பக்கம் பிறக்கும் உயிர், அதனால் 'ஹாஸ்பன்'. தோட்டம் என்பது 'கெர்ட்', முன்பக்க உயிர், அதனால் 'கெர்ட்பென்'. சில உருபுகளுக்கு மூன்று வடிவம்: ஹொஸ், ஹெஸ், மூன்றாவது ஹெஸ் என்பதையே உதட்டைக் குவித்துச் சொல்வது. பார்க்கப் பெரிய சட்டம் மாதிரி இருந்தாலும் இரண்டு மாதத்தில் காது செய்துவிடும், மூளை வேண்டாம். சில திருட்டுச் சொற்கள் உண்டு, பாலம் என்ற 'ஹீட்' அதில் ஒன்று. முன்பக்க உயிர்தான், ஆனால் பின்பக்க உருபைத்தான் வாங்கும், 'ஹீடொன்' என்றால் பாலத்தின் மேல். அந்த உயிர் ஒரு காலத்தில் வேறு ஒலியாக இருந்திருக்க வேண்டும், ஒலி மாறிய பிறகும் பழைய உருபு ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். பாலங்களுக்குப் பேர் போன புடாபெஸ்டில் இந்தச் சொல்லிடமிருந்து தப்பிக்கவும் முடியாது.

புணர்ச்சியும் உண்டு. மரம், கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அந்த மாதிரி. 'ஆல்', 'ஓடு' இரண்டுக்கும் அவர்கள் சொல்வது 'வல்' அல்லது 'வெல்'. அந்த முதல் 'வ', முன்னால் நிற்கும் மெய்யாகவே மாறிவிடும். ரயில் 'வொனட்', ரயிலில் போனேன் என்பதற்கு 'வொனட்டல்'. பஸ் என்றால் 'புஸ்ஸல்'. கரண்டி 'கனால்', கரண்டியால் என்றால் 'கனால்லல்'. தமிழ்ப் பள்ளியில் சந்தி படித்தவர்கள் இதை ஒரே மாலையில் முடித்துவிடலாம். செக்கிலும் மெய் மாறும், அதன் போக்கு வேறு. ப்ராக் நகரத்தை அவர்கள் 'ப்ரஹா' என்பார்கள், ப்ராகில் என்றால் 'ப்ரஸெ', ஹ போய் ஸ வந்துவிடுகிறது. புத்தகம் 'க்நிஹா', புத்தகத்தில் 'க்நிஸெ'. அம்மா 'மட்கா', அம்மாவுக்கு 'மட்ஸெ'. ரயில் நிலையத்தில் 'ப்ரஸெ' என்று காதில் விழுந்தபோது அது வேறு ஏதோ ஊர் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

ஹங்கேரியனின் இட உருபுகள்தான் அந்த 18-இல் பாதி. உள்ளே, மேலே, பக்கத்தில் என்று மூன்று இடம். இருத்தல், போதல், வருதல் என்று மூன்று நிலை. பெருக்கினால் 9. உள்ளே இருக்க 'பன்', உள்ளே போக 'ப', உள்ளேயிருந்து வர 'போல்'. மேலே இருக்க 'ஒன்', மேலே போக 'ர', மேலிருந்து வர 'ரோல்'. பக்கத்தில் இருக்க 'நால்', பக்கத்துக்குப் போக 'ஹொஸ்', பக்கத்திலிருந்து வர 'டோல்'. நமக்கு வழுக்குகிற இடம் ஒன்றுதான். 'சாவி மேசையில் இருக்கிறது', 'சாவியை மேசையில் வை', இரண்டிலும் தமிழில் 'இல்'. அங்கே முன்னதுக்கு 'ஒன்', பின்னதுக்கு 'ர'. செக்கிலும் இந்த வேறுபாடு உண்டு, ஆனால் அங்கே முன்சொல் ஒன்றுதான், பின்னால் உள்ள வேற்றுமை மாறும்: 'ந ஸ்தொலெ' என்றால் மேசையில் இருக்கிறது, 'ந ஸ்தூல்' என்றால் மேசையில் வை. ஒரு சின்ன ஆறுதல், ஹங்கேரியர்களே பேசும்போது 'பன்' என்பதன் ன்-ஐ விழுங்கி 'ப' என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எழுத்தில் அப்படிச் செய்தால் ஆசிரியர் சிவப்பு மையை எடுத்துவிடுவார்.

இந்த உருபுகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பலடொன் ஏரிக்கரையில் டிஹன்ய் என்ற இடத்தில் ஒரு மடம் இருக்கிறது. அதை நிறுவிய சாசனம் 1055-ஆம் ஆண்டுடையது, லத்தீனில் எழுதியது. நடுவில் நில எல்லை சொல்லும் இடத்தில் சில ஹங்கேரியன் சொற்கள் அப்படியே வருகின்றன. அதில் ஒரு தொடர், 'ஃபெஹேர்வாருக்குப் போகும் படைவழிக்கு' என்று பொருள்படும். இன்றைக்கு 'ர' என்று சொல்லோடு ஒட்டிவரும் உருபு, அந்தச் சாசனத்தில் 'ரெஆ' என்று தனிச்சொல்லாக நிற்கிறது, ஒரே தொடரில் இரண்டு முறை. தனியாக நின்ற சொல் பக்கத்துச் சொல்லில் சாய்ந்து, தேய்ந்து, உயிர் இசைவுக்கும் உட்பட்டு உருபாகிவிட்டது. இதை நாம் வேறெங்கும் தேடவேண்டாம், வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது. 'அவன்கிட்ட கேளு' என்பதில் வரும் 'கிட்ட' பக்கத்தில் என்ற சொல்தானே? இப்போது அதை உருபு மாதிரித்தான் ஒட்டிப் பேசுகிறோம், பக்கத்தில் என்ற நினைப்பே வருவதில்லை, போனில் பேசுகிறவனையும் 'அவன்கிட்ட' பேசினேன் என்கிறோம்.

செக் உருபுகளின் பழமை வேறு வகை. ஸ்லாவிய மொழிகளில் ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று இருந்தது. செக்கில் அது செத்துவிட்டது, முக்கியமாகக் கை, கால், கண், காது மாதிரி இரட்டையாக இருக்கும் உறுப்புகளில் எச்சம் இருக்கிறது. கைகளால் என்பதற்கு 'ருகமா', கண்களால் என்பதற்கு 'ஒசிமா'. அந்த 'மா' இருமையின் வால். வேடிக்கை என்னவென்றால், பேச்சு வழக்கில் மக்கள் அந்த 'மா'வை எடுத்து எல்லாப் பன்மைக்கும் ஒட்டிவிட்டார்கள். பையன்களோடு என்பதற்கு எழுத்து வழக்கில் 'ஸ் க்லுகி', பேச்சில் 'ஸ் க்லுகமா'. 14 மாதிரிக்கும் விதவிதமாக இருந்த ஏழாவது வேற்றுமைப் பன்மை, பேச்சில் ஏறக்குறைய ஒரே 'மா'வாகச் சுருங்கிவிட்டது. இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கட்டும், புதிதாகக் கற்கிற எனக்கு அது வரப்பிரசாதம். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்று வளர்ந்தவர்கள் நாம், இந்த இரட்டை வாழ்க்கை நமக்குப் புரியும்.

செக்கில் நமக்கு உதவும் இன்னொன்று, உயிருள்ளது, உயிரற்றது என்ற பிரிவு. 'வீடு பார்த்தேன்' என்று 'ஐ' இல்லாமல் சொல்லலாம், 'முருகன் பார்த்தேன்' என்று சொன்னால் பார்த்தது முருகனாகிவிடும், 'முருகனை' என்றுதான் வேண்டும். செக்கிலும் ஆண்பாலில் உயிரற்ற பொருளுக்கு நான்காவது வேற்றுமையில் சொல் மாறுவதில்லை, உயிருள்ளதற்கு மாற வேண்டும். நம் திணைக் கணக்கில் நாய் அஃறிணை, அவர்களுக்கு நாயும் உயிருள்ள பட்டியலில். 'பெஸ்' என்ற நாய், நாயைப் பார்க்கிறேன் என்னும்போது 'ப்ஸா' ஆகிறது. பனியில் பிடித்துவைக்கும் பொம்மை மனிதன்கூட இலக்கணப்படி உயிருள்ளவன்தான். பால் விஷயத்தில் செக் நம்மையும் தாண்டுகிறது. 'வந்தேன்' என்றால் தமிழில் ஆணா பெண்ணா தெரியாது, செக்கின் இறந்தகாலத்தில் தன்மையிலும் தெரியும். நான் இருந்தேன் என்பதை ஆண் 'பில் ஸெம்' என்பான், பெண் 'பிலா ஸெம்' என்பாள். நான் தொலைக்காட்சி பார்த்து, பெரும்பாலும் பெண்கள் பேசுவதைக் கேட்டு, 'பிலா ஸெம்' என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு, அதை விவரிக்க வேண்டாம். குடும்பப் பெயருக்கும் பெண்பாலில் 'ஒவா' சேர்ப்பார்கள், ஜெர்மனியின் மெர்கெலைக்கூடச் செக் செய்தித்தாள்கள் 'மெர்கெலொவா' என்றுதான் எழுதின. 2022 முதல் பெண்கள் விரும்பினால் அந்த விகுதி இல்லாமலே பெயரைப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஹங்கேரியனில் பாலே கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஹங்கேரியனில் உண்மையான மலை வேற்றுமை உருபில் இல்லை, வினையில் இருக்கிறது. செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒன்றா, ஏதோ ஒன்றா என்பதைப் பொறுத்து வினை விகுதி மாறும். ஒரு வீட்டைப் பார்க்கிறேன் என்றால் 'லாடொக்', அந்த வீட்டைப் பார்க்கிறேன் என்றால் 'லாடொம்'. தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாவற்றுக்கும், எல்லாக் காலத்துக்கும் இப்படி இரண்டு வரிசை. இதைக் கேட்டதும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள், தமிழர்கள் தளரத் தேவையில்லை. 'டீ குடித்தேன்', 'டீயைக் குடித்தேன்' என்ற இரண்டுக்கும் உங்கள் மனதில் வித்தியாசம் இருக்கிறதா? இரண்டாவதில் நமக்குத் தெரிந்த அந்த டீ, ஆறிப்போனதோ யாரோ வாங்கிக் கொடுத்ததோ. அதே வித்தியாசம்தான். நாம் அதைப் பெயரில் 'ஐ' போட்டோ போடாமலோ காட்டுகிறோம், அவர்கள் 'ட்'-ஐ எப்போதும் போட்டுவிட்டு வித்தியாசத்தை வினையில் காட்டுகிறார்கள். 'நான் உன்னை' என்பதற்கென்றே தனியாக 'லெக்' என்று ஒரு விகுதி வேறு: 'ஸெரெட்லெக்' என்ற ஒரே சொல்லில் நான், உன்னை, நேசிக்கிறேன் மூன்றும் அடக்கம்.

விகுதிகளை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். புதுச் சொல்லை உண்டாக்குவது, பன்மை மாதிரி அடையாளம் காட்டுவது, கடைசியில் ஒட்டும் உருபு. வரிசை எப்போதும் இதுதான், பகுபத உறுப்பிலக்கணம் படித்த நமக்கு இது புதிதில்லை. இதில் ஒரு சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஹாஸ்' வீடு. 'ஹாஸஷ்' என்றால் வீடு உடையவர், ஆனால் உண்மைப் பொருள் திருமணமானவர். 'ஹாஸஷ்ஷாக்' என்றால் திருமணம். வீட்டிலிருந்து திருமணம் வரைக்கும் இரண்டே விகுதி. இல் என்றால் வீடு, இல்லறம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு ஒற்றுமை சொன்னதும் அடுத்த கேள்வி வரும், அப்படியானால் சொந்தமா? 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை 'சித்திய' மொழிகள் என்று அவர் அழைத்த பெரிய கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்தார். பின்னிஷும் ஹங்கேரியனும் அந்தக் கூட்டத்தில்தான் வரும். அந்தப் பேச்சு இன்றும் அங்கங்கே உலவுகிறது. மொழியியலாளர்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. ஹங்கேரியன் யுராலிய மொழி, அதன் நெருங்கிய உறவு சைபீரியாவின் கந்தியும் மான்சியும், தூரத்து உறவு பின்னிஷ், எஸ்தோனியன். உருபைக் கோக்கும் முறை ஒன்றாக இருப்பதால் உறவாகிவிடாது, துருக்கியும்தான் கோக்கிறது, ஜப்பானியமும்தான் கோக்கிறது. உறவு என்றால் உருபுகளின் ஒலியிலேயே ஒழுங்கான பொருத்தம் காட்ட வேண்டும், அது இங்கே இல்லை. பெருமைக்காக இதை இழுக்காதீர்கள், கற்பதற்கு வசதி என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

நடைமுறைக்கு வருவோம். செக் கற்கிறீர்கள் என்றால் கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பயனில்லை, நான் ஒட்டிப் பார்த்தேன். 'ப்ர்னோவுக்கு', 'ப்ர்னோவில்', 'ப்ர்னோவிலிருந்து' என்று முன்சொல்லோடு சேர்த்தே மூன்றையும் வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள், அதே வடிவில் நூறு ஊர் பின்னால் வரும். ஹங்கேரியனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் பன்மையோடு சேர்த்து எழுதி வையுங்கள், ஏனென்றால் அடிச்சொல் மாறுவது அங்கேதான் தெரியும். குதிரை 'லோ', குதிரைகள் 'லொவக்'. ஏரி 'டோ', ஏரிகள் 'டவக்'. வீடு வீட்டில், ஆறு ஆற்றில் என்று நம் சொற்கள் ஆடுவதைவிட இது அதிகமில்லை.

ஊர்ப் பெயருக்கு மட்டும் எந்தக் குறுக்கு வழியும் கிடையாது. வெளிநாட்டு ஊர் என்றால் 'உள்ளே', லண்டன் 'லொண்டொன்பன்', ப்ராக் 'ப்ராகாபன்', நம் சென்னைக்கும் 'பன்'தான். உள்நாட்டு ஊர் என்றால் பெரும்பாலும் 'மேலே': 'புடாபெஸ்டென்', 'ஸெகெடென்'. அதற்குள் 'டெப்ரெட்ஸென்பென்' என்று குறுக்கே ஒன்று வரும். நாடுகளிலும் இதே கதை, செக் நாட்டில் என்றால் உள்ளே, ஜெர்மனியில் என்றால் உள்ளே, தங்கள் சொந்த நாட்டில் என்றால் மேலே, 'மஜரொர்ஸாகொன்'. 1920-இல் டிரியனான் ஒப்பந்தத்தில் ருமேனியாவுக்குப் போய்விட்ட கொலொஷ்வார் நகரத்துக்கு இன்றும் 'மேலே'தான் சொல்கிறார்கள், 'கொலொஷ்வாரொன்'. எல்லை நகர்ந்தது, உருபு நகரவில்லை. பலடொன் ஏரிக்கும் அதே உருபுதான், 'அ பலடொனொன்'. கோடையில் பாதிப் புடாபெஸ்ட் அங்கே போய்விடும், போனில் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், தண்ணீரில் கால்கூட நனைக்காமல் கரையில் சோளம் தின்றுகொண்டிருப்பவரும் ஏரியின் மேல் இருப்பதாகத்தான் சொல்வார்.